ஓடினால் முதுகில் ஒரு அடி

முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: நான் செய்தது தப்பு. இத்தனை வருஷம் கழித்து நல்லவள் வேஷம் போடும் உத்தேசம் எனக்கு இல்லை. அப்போது எனக்கு வயது பத்தொன்பது, நாக்குக்கு மட்டும் முப்பது. கோபம் மூக்கு நுனியில் உட்கார்ந்திருக்கும். "இவளைக் கட்டிக்கப்போறவன் எந்த ஊர்ல என்ன பாவம் பண்ணிண்டிருக்கானோ" என்று அம்மா அடிக்கடி சொல்வாள். அதற்கும் எனக்குக் கோபம் வரும்.

எமர்ஜென்சி முடிந்த புதிது. மயிலாப்பூரில் கச்சேரி ரோட்டை ஒட்டிய ஒரு சந்தில் எங்கள் வீடு. அண்ணா கிண்டி எஸ்டேட்டில் ஒரு தொழிற்சாலையில் அப்ரெண்டிஸ். நான் காலேஜில் இங்கிலீஷ் இலக்கியம் படித்துக்கொண்டிருந்தேன். அண்ணாவோடு படித்த அடையாறுக்காரன் ஒருவனுக்கு அமெரிக்காவில் மாமா. அந்த மாமா லீவில் வந்தபோது ஒரு சின்னப் பெட்டியைக் கொடுத்துவிட்டுப் போனார். உள்ளே மூன்று ஒல்லிப் புத்தகங்கள். அது ஒரு விளையாட்டாம். பலகை கிடையாது, காய் கிடையாது. ஒருத்தர் கதை நடத்த வேண்டும். மற்றவர்கள் அந்தக் கதைக்குள் ஆளுக்கொரு பாத்திரமாகப் போய், நான் இதைச் செய்கிறேன், நான் அதைச் செய்கிறேன் என்று சொல்ல வேண்டும். அடி விழுந்ததா, கதவு திறந்ததா என்பதைப் பகடை போட்டுத் தீர்க்க வேண்டும். அந்தப் பெட்டியில் பகடை இல்லை. நான் இருபது சீட்டில் எண்களை எழுதி ஒரு பவுடர் டப்பாவில் போட்டுக் குலுக்கினேன். வேலை நடந்தது.

வீட்டில் இங்கிலீஷ் படிப்பவள் நான்தானே, ஆகவே ஆட்டத்தை நடத்தும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. அண்ணா என்னை "ஜட்ஜம்மா" என்று கூப்பிடுவான். அந்தப் புத்தகங்களை எழுதினவர்களுக்கே அவை புரிந்திருக்குமா என்று எனக்கு இன்றுவரை சந்தேகம். புரிந்ததை ஒரு இருநூறு பக்க நோட்டில் தமிழில் எழுதினேன். புரியாத இடத்தில் நானே இட்டுக்கட்டினேன். அவர்கள் ஊர் டிராகனைத் தூக்கிக் கடாசிவிட்டுக் கொள்ளிவாய்ப் பிசாசைப் போட்டேன். மைலை எடுத்துவிட்டுக் காதம் என்று எழுதினேன். யார் கேட்கப் போகிறார்கள்?

நாலாவது ஆள் ஒருவர் உண்டு. மாம்பலம் கேரம் கிளப்பில் அண்ணாவுக்குப் பழக்கமானவர். திருநெல்வேலிப் பக்கத்துக் குடும்பம், தி. நகரில் ஜவுளிக்கடை. எஸ்.எஸ்.எல்.சி. முடித்த மறு மாதமே அவருடைய அப்பா அவரைக் கடையில் நிறுத்திவிட்டார். வாரத்தில் ஆறு நாள் அப்பாவின் கண் முன்னால் புடவை விரித்து, புடவை மடித்து நிற்பவர். ஞாயிற்றுக்கிழமை மட்டும் கடை லீவு. மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் தேனாம்பேட்டை வழியாக சைக்கிளை மிதித்து எங்கள் வீட்டுக் கூடத்துக்கு வந்துவிடுவார். "வாரத்துல அந்த மூணு மணி நேரந்தாம்ல எனக்குன்னு இருக்கு" என்று அண்ணாவிடம் ஒரு முறை சொன்னாராம்.

அவர் முதல் நாள் ஆடியதை நான் மறக்கவில்லை. பாழும் கிணற்றடியில் ஒரு முனி நிற்கிறது என்று கதையைத் தொடங்கினேன். அண்ணா கத்தியை உருவினான். அடையாறுக்காரன் மந்திரம் போடப் போகிறேன் என்றான். ஜவுளிக்கடைக்காரர் மட்டும் முகவாயைத் தடவிக்கொண்டு கேட்டார்:

"தங்கச்சி, அந்த முனி எதுக்கு அங்க நிக்கி? யாரையும் எதிர்பாக்குதோ?"

எனக்கே தெரியாது! நிற்கிறது என்று எழுதி வைத்திருந்தேன், ஏன் நிற்கிறது என்று யோசிக்கவில்லை. அவசரமாக ஏதோ சொன்னேன். அவர் அதைப் பிடித்துக்கொண்டு முனியோடு பேரம் பேச ஆரம்பித்துவிட்டார். அரை மணியில் முனி வழியையும் விட்டு, ஒரு துணையையும் அனுப்பி வைத்தது. ஒரு அடிதடி இல்லை.

அவருடைய பாத்திரம் ஒரு பூசாரி. அந்தப் பூசாரி பிசாசைப் பார்த்தாலும் முதலில் முகத்தைத்தான் படிப்பான். "இது வாங்குற மூஞ்சியா, வேடிக்கை பாக்குற மூஞ்சியா?" என்பார். வாங்குகிற முகம் என்றால் பேரம். பேரம் படியவில்லையா, "கடையச் சாத்து!" என்று கத்திவிட்டு ஓட்டம். என் நோட்டில் ஓடுவதற்கு எந்தத் தண்டனையும் இல்லை. இரண்டரை வருஷத்தில் அண்ணாவின் ஆட்கள் நாலு பேர் செத்தார்கள், அடையாறுக்காரனுடையது மூன்று. பூசாரி ஒரு தடவைகூடச் சாகவில்லை. பட்டதாரிகளும் பட்டதாரி ஆகப்போகிறவர்களும் உட்கார்ந்திருந்த அந்தக் கூடத்தில் எங்கள் எல்லோரையும்விட நன்றாக ஆடியது அவர்தான். அது அவருக்கும் தெரியும். ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் முதுகு நிமிர்ந்திருக்கும்.

சாவு என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். அண்ணாவின் முதல் ஆள் செத்தது ஒரு விசேஷமான சாவு. "செத்துட்டான்!" என்று நான் கத்தியதும் காபி டம்ளரோடு வந்த அம்மா பதறிப்போய், "யாருடி? யாரு போய்ட்டா?" என்றாள். விஷயம் தெரிந்ததும், விளக்கேத்தற ஆத்துல பேசற பேச்சா இது என்று எங்களைப் பிடிபிடியென்று பிடித்தாள். அவளைச் சமாளிக்க அண்ணா, "எனக்குப் பத்து நாள் தீட்டும்மா, நான் எதையும் தொடமாட்டேன்" என்றான். வேடிக்கைக்குச் சொன்னதுதான். ஜவுளிக்கடைக்காரர் சிரிக்கவில்லை. "சரிதான தங்கச்சி? செத்தவனுக்கு ஒரு மரியாதை வேண்டாமா? உடனே இன்னொருத்தன உண்டாக்கிட்டு வந்து உக்காந்தா அவன் என்ன மனுசன்?" என்றார். அதையும் நோட்டில் எழுதினேன். பாத்திரம் செத்தால் அதை ஆடியவர் வரலாம், உட்காரலாம், காபி குடிக்கலாம், சீட்டைத் தொடக்கூடாது. பதிமூன்றாம் நாளுக்குப் பிறகுதான் புது ஆள். அன்றைக்கு அம்மா வடை தட்டுவாள். செத்தவனின் பெருமைகளை எல்லோரும் ஒரு சுற்றுச் சொல்வோம். அண்ணாவின் மூடர்களுக்கெல்லாம் பெருமை தேடுவது லேசான வேலையில்லை, ஆனாலும் ஜவுளிக்கடைக்காரர் ஒவ்வொருவனுக்கும் ஏதாவது தேடிக் கண்டுபிடித்துச் சொல்வார்.

இப்படிப் போய்க்கொண்டிருந்த ஆட்டத்துக்கு அமெரிக்காவிலிருந்து புதுப் பதிப்பு வந்து சேர்ந்தது.

மூன்று புத்தகங்கள், ஒவ்வொன்றும் செங்கல் கனம், கெட்டி அட்டை. கூடவே பல முகம் வைத்த பகடைகள். அடையாறுக்காரன் அவற்றைத் தாம்பாளத்தில் சீர் கொண்டு வருகிற மாதிரி கொண்டுவந்து வைத்தான். பிறகு என் நோட்டை எடுத்துப் பக்கம் பக்கமாக ஒப்பிட்டுப் பார்த்தான். பார்க்கப் பார்க்கச் சிரித்தான்.

"ஏய், முக்கால்வாசி உன் சொந்தச் சரக்குடீ இது. இவ்வளவு நாளா நாம அந்த கேமையே ஆடலை. இனிமே கரெக்டா ஆடலாம்."

எனக்குக் காது மடல் சுட்டது. இரண்டரை வருஷ உழைப்பு! ஆனால் அவன் சொன்னது பொய்யில்லை, அதுதான் எரிச்சல். சரி, எனக்கா இங்கிலீஷ் புத்தகம் படிக்கத் தெரியாது, பார் என்று வீம்பு வந்துவிட்டது. நோட்டைத் தூக்கிப் பரணில் போட்டேன்.

ஜவுளிக்கடைக்காரர் அந்த வாரம் ஒரு புத்தகத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டு போனார். பழுப்புக் காகிதத்தில் அட்டை போட்டு, ஒரு அகராதியும் வாங்கி வைத்துக்கொண்டு படித்திருக்கிறார். அடுத்த ஞாயிறு திருப்பிக் கொடுத்தார்.

"நாலு பக்கம் தாண்டல தங்கச்சி. கடையில நிக்கணும், ராத்திரி கண்ணு சொக்குது. நீங்க நோட்டு எழுதுவீங்கள்லா? அதப் பாத்துக்கிடுதேன்."

"இனிமே நோட்டெல்லாம் கிடையாது. புக்கைப் பார்த்தே ஆடலாம்" என்றேன்.

அவர் அடையாறுக்காரனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "சரி" என்றார். அவ்வளவுதான். அந்த மனுஷர் அந்த இடத்தில் உட்கார்ந்திருப்பதற்கு என் நோட்டு ஒன்றுதான் வழி என்பது எனக்குத் தெரியாமல் இல்லை. தெரிந்துதான் சொன்னேன்.

புதுப் பதிப்பில் முதல் ஆட்டம். என் மடியில் ஒரு புத்தகம், இருபுறமும் இரண்டு. ஒவ்வொரு காரியத்துக்கும் பக்கம் புரட்ட வேண்டியிருந்தது. ஜவுளிக்கடைக்காரர் ஏதாவது செய்யப் போவார், நான் "அது முடியாது" என்பேன். "நம்ம நோட்டுல இப்பிடி இல்லியே?" என்பார். ஒரு தடவை, இரண்டு தடவை, நாலு தடவை. அவர் கேட்டது தெரிந்துகொள்ளத்தான். எனக்கோ, அடையாறுக்காரன் முன்னால் என் நோட்டைத் திரும்பத் திரும்ப இழுக்கிறாரே என்று பற்றிக்கொண்டு வந்தது. போதாததற்கு அடையாறுக்காரன் வேறு, "நீ எப்பவுமே அவருக்கு சப்போர்ட்டு. அதான் பூசாரி சாகவே மாட்டேங்கிறான்" என்று கிளறிவிட்டான்.

அந்த நேரம் பார்த்துச் சுரங்கத்துக்குள் மூன்று பூதங்கள் வழிமறித்தன. பூசாரி பேரம் பேசினான், படியவில்லை. ஒரு பூதம் கைகலப்பில் இறங்கிவிட்டது. ஜவுளிக்கடைக்காரர் சிரித்துக்கொண்டே, "கடையச் சாத்து! நான் ஓடுதேன்" என்றார்.

புதுப் புத்தகத்தில் அதற்கு ஒரு சட்டம் இருந்தது. கைகலப்பில் இருக்கும்போது முதுகைக் காட்டி ஓடினால் எதிராளி இலவசமாக ஒரு அடி அடிக்கலாம், அதுவும் சுலபமாக. முந்தின நாள்தான் படித்திருந்தேன். அவருக்குத் தெரியாது. ஒரே ஒரு வார்த்தை, "ஓடினா முதுகுல அடி விழும்" என்று நான் சொல்லியிருந்தால் போதும்.

அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் சொல்லவில்லை. பகடையை எடுத்து உருட்டினேன்.

பூசாரி செத்தான்.

அண்ணாதான் முதலில், "இது என்னடி புதுசா இருக்கு?" என்றான். நான் பக்கத்தைத் திருப்பிக் காட்டினேன். அடையாறுக்காரன் எட்டிப் பார்த்து, "கரெக்ட். இருக்கு" என்றான். பிறகு ஒரு வெள்ளைத்தாளை ஜவுளிக்கடைக்காரர் பக்கம் தள்ளினான். "அண்ணே, புது ஆளை எழுதிக்குங்க. அஞ்சு நிமிஷம். இப்பவே சேர்ந்துடலாம்."

"இப்பவேயா? பதிமூணு நாளு?"

"அதெல்லாம் புக்ல இல்லண்ணே."

ஜவுளிக்கடைக்காரர் என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் புத்தகத்தைப் பார்த்தேன். அவர் காபியை மிச்சம் வைக்காமல் குடித்தார். டம்ளரை உள்ளே கொண்டுபோய் அம்மாவிடம் கொடுத்து, "வாரேம்மா" என்று சொல்லிவிட்டு சைக்கிளை எடுத்துக்கொண்டு போனார். அடுத்த ஞாயிறு வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் வரவில்லை.

அண்ணா அதிகம் பேசுகிறவன் இல்லை. அன்றைக்குப் பேசினான். "நோக்கு அந்த ரூல் தெரியும்தானே? தெரிஞ்சுண்டே வாயை மூடிண்டு இருந்தியா?"

"ஜட்ஜ்னா எல்லாருக்கும் ஒண்ணுதான்" என்றேன்.

"ஜட்ஜாம் ஜட்ஜ்! சட்டத்தை அலமாரியில பூட்டி வெச்சுண்டு தூக்குல போடற ஜட்ஜ்!"

நானும் கத்தினேன், அவனும் கத்தினான், அம்மா வந்து இருவரையும் அதட்டினாள். அவர் பேர் ரிப்பேர் ஆக வேண்டும் என்று நான் நினைக்கவில்லை. என் பேர் நிற்க வேண்டும் என்றுதான் நினைத்தேன். அதற்கு விலையாக அவர் வாரத்தின் மூன்று மணி நேரத்தைப் பறித்துவிட்டேன். வெட்கமாக இருந்தது. வெட்கம் வந்தாலும் எனக்குக் கோபமாகத்தான் வெளியே வரும், ஒரு வாரம் வீட்டில் யாரும் என்னிடம் வாயைக் கொடுக்கவில்லை.

மூன்று பேராக ஆடிப் பார்த்தோம். எல்லாம் கரெக்டாக நடந்தது. எந்தப் பக்கத்தில் எந்த வரி என்று சண்டை போட்டோமே தவிர, கிணற்றடியில் முனி ஏன் நிற்கிறது என்று கேட்க ஆள் இல்லை. இரண்டு மாதத்தில் கழுதை தேய்ந்து கட்டெறும்பாகி ஆட்டம் நின்றுபோயிற்று. அடையாறுக்காரன் புத்தகங்களைத் திருப்பி எடுத்துக்கொண்டு போனான்.

பொங்கலுக்கு முன்னால் அம்மா ரவிக்கைத் துணி எடுக்கக் கிளம்பினாள். வழக்கமாக மாடவீதியிலேயே எடுத்துவிடுவாள். நான்தான் தி. நகர் போகலாம் என்று பிடிவாதம் பிடித்தேன்.

"வாங்கம்மா, வாங்க தங்கச்சி" என்றார் ஜவுளிக்கடைக்காரர். முகத்தில் ஒரு குறையும் இல்லை. ஸ்டூல் போட்டார், சோடா வரவழைத்தார், அலமாரியில் பாதியை இறக்கிப் போட்டார். ஆட்டத்தைப் பற்றி ஒரு சொல் இல்லை. அம்மா ஒரு துணியை எடுத்துக்கொண்டு, கலரை வெயிலில் பார்க்க வேண்டும் என்று வாசலுக்குப் போனாள். அதற்காகத்தான் காத்திருந்தேன்.

"அன்னிக்கு எனக்கு அந்தச் சட்டம் தெரியும்" என்றேன். "தெரிஞ்சும் சொல்லலை. தப்புதான்."

அவர் கையிலிருந்த துணியை மடித்துக்கொண்டே, "தெரியும் தங்கச்சி" என்றார்.

"என்ன தெரியும்?"

"உங்களுக்குத் தெரியும்னு எனக்குத் தெரியும். ஓடுதேன்னு சொல்லிட்டு உங்க மூஞ்சியத்தான பாத்தேன். மூஞ்சியப் படிச்சுதான நாங்க சோறு திங்கோம்."

"அப்புறம் ஏன் ஓடினீங்க? வேண்டாம்னு சொல்லியிருக்கலாமே?"

மடித்த துணியை அடுக்கில் வைத்தார். "நீங்க சொல்லுவீங்கன்னு நெனச்சேன்" என்றார்.

அந்த இடத்திலேயே அழுதுவிட்டேன். பொங்கல் கூட்டத்தில், நூறு பேர் பார்க்க. அம்மா ஓடிவந்து, "என்னாச்சுடி? கலர் பிடிக்கலையா?" என்றாள். அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. பில் போடும்போது மெதுவாகச் சொன்னார்: "பொங்கல் கழிச்சு ஞாயித்துக்கிழமை அண்ணனோட மொட்டைமாடிக்கு வாங்க. இங்ஙனதான்."

போனோம். கடைக்கு மேலே மொட்டைமாடியில் ஒரு தகரக் கொட்டகை. கடையில் வேலை பார்க்கும் மூன்று பேர் சம்மணம் கொட்டி உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் அவர். விலைச் சீட்டுகளின் பின்பக்கத்தில் எண் எழுதி ஒரு டப்பாவில் போட்டிருந்தார். புத்தகமும் இல்லை, நோட்டும் இல்லை. எல்லாம் மனதில். ஆட்டத்தை நடத்துகிறவர் அவரேதான். புதுப் பதிப்பின் சட்டங்கள் பாதிக்கு மேல் அதில் இருந்தன. எப்படி என்று திகைத்தேன். அண்ணா தலையைக் குனிந்துகொண்டான். கேரம் கிளப்பில் வாரா வாரம் இவன் ஒவ்வொரு சட்டமாகத் தமிழில் சொல்லியிருக்கிறான். அவர் பிடித்ததை வைத்துக்கொண்டு பிடிக்காததைத் தள்ளியிருக்கிறார். புதுப் பதிப்பு வேண்டாம் என்று அவர் ஒருநாளும் சொல்லவில்லை. யாராவது சொல்லித் தந்தால் போதும் என்றுதான் கேட்டார்.

"இன்னா அண்ணே, இந்த அக்கா புச்சா?" என்றார் மாம்பலத்துக்காரர் ஒருவர்.

"புதுசுதான். நல்லா ஆடுவாங்க, இடம் விடு" என்றார்.

எனக்கு ஒரு வேடனைக் கொடுத்தார்கள். வாழ்க்கையில் முதல் தடவையாக நடத்துகிற இடத்தில் இல்லாமல் ஆடுகிற இடத்தில் உட்கார்ந்தேன். கால் மணி நேரம்கூட ஆகியிருக்காது, ஒரு பேய் என் மேல் பாய்ந்துவிட்டது. இரண்டு அடி வாங்கியதும் பயம் பிடித்தது. "நான் ஓடறேன்" என்றேன்.

அவர் டப்பாவைக் கீழே வைத்தார். மற்ற மூன்று பேரும் கையைக் கட்டிக்கொண்டு காத்திருந்தார்கள். அது அவர்களுக்குப் பழக்கம் என்று தெரிந்தது.

"நில்லுங்க தங்கச்சி. பேய் பக்கத்துல நிக்கி. இப்ப ஓடினா முதுகுல ஒரு அடி விழும். உங்க உடம்புல இருக்க தெம்புக்கு அது ஆளையே முடிச்சிரும். நின்னு அடிக்கலாம், இல்லன்னா முகத்தக் காட்டிட்டே ஒவ்வொரு அடியாப் பின்னால போகலாம். தெரிஞ்சுதான ஓடுதீங்க?"

நான் தலையை ஆட்டினேன்.

"தலைய ஆட்டுனா ஒத்துக்க மாட்டாரு அக்கா" என்றார் மாம்பலத்துக்காரர். "வாயால சொல்லணும். தெரியாம ஒருத்தனும் சாகக் கூடாது, அதான் நம்ம ஆட்டத்துல மொத ரூலு. அண்ணன் போட்டது."

அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. வேண்டுமென்றே கீழே டப்பாவைப் பார்த்துக்கொண்டு, நான் பதில் சொல்லும்வரை காத்திருந்தார்.